கைக்கருவிகளைத் தூக்கிச் செல்ல ஒரு மரப்பெட்டி: தலைப்பலகையில் நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

மொட்டைமாடி (கோவை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்றாவது மாடியில் வாடகை வீடு. கருவிகள் படுக்கையறை அலமாரியில் இருக்கின்றன. வேலைமேசையோ மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கிடக்கிறது. வேலை செய்யும் ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் ஒரு தளம் மேலே ஏற்றி, இருட்டியதும் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. துணிப்பைகளும் ஒரு பிளாஸ்டிக் வாளியும்தான் இப்போதைக்கு. உளிகள் ஒன்றோடொன்று இடித்து முனை சிதைகின்றன. ஒருமுறை தீட்டினால் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.

மூடி இல்லாத நீளப் பெட்டி, இரண்டு முனைகளிலும் நிற்கும் தலைப்பலகைகளுக்கு இடையே ஒரு கைப்பிடி. இப்படி ஒன்று செய்ய நினைக்கிறேன். உள்ளே போக வேண்டியவை: 4, 5 ஆம் எண் இரும்பு இழைப்புளிகள், ஒரு கையடக்க இழைப்புளி, 22 அங்குலக் கைரம்பம், 12 அங்குல முதுகுப்பட்டை ரம்பம், ஆறு உளிகள், கொட்டாப்புளி, சுத்தியல், மூலைமட்டம், கோடு கீறும் கட்டை, எண்ணெய்க்கல்.

மூன்று கேள்விகள். சமையலறை அலமாரி வேலையில் மிஞ்சிய 18 மி.மீ. பிளைவுட் இருக்கிறது, அதிலேயே செய்யலாமா? கைப்பிடிக்கு முக்கால் அங்குலத் திரைச்சீலைக் கழி போதுமா? புறாவால் மூட்டு (ஒரு பலகை முனையின் விரிந்த வால்கள் மறுபலகையின் ஊசிகளுக்கு நடுவே மாட்டும் இணைப்பு) இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. நான்கு மூலைக்கும் அதையே போட ஆசை. சரிவருமா?

நாஞ்சில் உளி (நாகர்கோவில்) எழுதியது:

தம்பி, ஊர் ஊராகப் போய் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் யாரும் பெட்டி தூக்குவதில்லை. கெட்டியான சாக்குப்பை, அதற்குள் உளிகளைச் சுருட்டிய துணி, ரம்பத்தின் பல்லுக்கு நீளவாக்கில் கீறிய குழாய்த் துண்டு. பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் தள்ளலாம், மொபெட்டில் காலிடையில் வைக்கலாம். பெட்டி என்பது வேலை நடக்கும் வீட்டிலேயே பல மாதம் தங்கும்போதுதான். அதுகூடத் தூக்குவதற்கு இல்லை, பூட்டுவதற்கு.

உங்கள் நிலைமை வேறு. ஒரு தளம் ஏறி இறங்குவதற்குத் திறந்த பெட்டிதான் சரி. பையில் எதை எடுக்கவும் கைவிட்டுத் துழாவ வேண்டும். துழாவும் கைக்கும் உளிமுனைக்கும் ஆகாது.

மரம் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். எல்லாக் கருவிகளையும் தரையில் பரப்பி, எது எதன் பக்கத்தில் படுக்கும் என்று அடுக்கிப் பார்த்து, அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் பெட்டியின் அளவு. தாளில் படம் வரைந்து ஆரம்பிக்கிறவர்கள் செய்யும் பெட்டியில் ரம்பத்தின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்திருக்கிறேன்.

18 மி.மீ. பிளைவுட் வேண்டாம். காரணத்தைக் கணக்குத் தெரிந்த யாராவது சொல்வார்கள்.

அளவுகோல் (சென்னை) எழுதியது:

அண்ணாச்சி என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சுமை. 5 ஆம் எண் இழைப்புளி 2 கிலோவைத் தாண்டும், 4 ஆம் எண் 1.7 கிலோ அளவில் இருக்கும். மற்றவற்றையும் கூட்டினால் கருவிகள் மட்டுமே சுமார் 10 கிலோ. கைரம்பத்தின் தகடு 22 அங்குலம் என்றால் பிடியோடு ஏறத்தாழ 660 மி.மீ. வரும். ஆக உள்நீளம் 700 மி.மீ. என்று வைப்போம். அகலம் 230, பக்கப்பலகை உயரம் 180, தலைப்பலகை உயரம் 330.

இதே அளவில் பக்கங்கள் 12 மி.மீ., தலைப்பலகை 18, அடி 9 மி.மீ. பிளைவுட் என்று போட்டால், பைன் மரத்தில் காலிப்பெட்டி 3 கிலோவுக்குச் சற்று மேலே. தேக்கில் நாலரை கிலோ. எல்லாமே 18 மி.மீ. பிளைவுட் என்றால் 6 கிலோ. பத்துக் கிலோ கருவியைத் தூக்க ஆறு கிலோ பெட்டி எதற்கு? பலகைக் கனம் கூடுவதால் பெட்டி உறுதியாகிறது என்பது இந்த அளவுக்குப் பொருந்தாது. 12 மி.மீ. பக்கப்பலகை 10 கிலோ சுமையில் வளையப்போவதில்லை.

அடுத்தது கைப்பிடி. முக்கால் அங்குலக் கழி, அதாவது 19 மி.மீ. நடுவில் பிடித்துத் தூக்கும்போது 700 மி.மீ. இடைவெளியில் அதில் வரும் வளைவு அழுத்தம் 30 மெகாபாஸ்கலைத் தொடுகிறது. கணு இல்லாத நல்ல மரம் தாங்கும். ஆனால் படியில் ஒரு குலுக்கல், நடுவில் ஒரு கணு, அவ்வளவுதான். 28 மி.மீ. கழி போட்டால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. எடையில் கூடுவது ஏறத்தாழ 150 கிராம்தான் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சுருள்மரம் (புதுச்சேரி) எழுதியது:

கணக்கில் விட்டுப்போன ஒன்று: எடையை ஒரே கையில் தூக்குகிறோம். எனக்குத் தோள்பட்டை வலி உண்டு. 13 கிலோவை ஒரு பக்கம் தொங்கவிட்டு மாடி ஏறினால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, எதிர்க்கை சுவரைத் தேடுகிறது. என் ஆலோசனை, இரண்டு இழைப்புளிகளும் எண்ணெய்க்கல்லும் மாடியிலேயே தங்க ஒரு பூட்டிய சிறு அலமாரி ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரே பெரிய பெட்டிக்குப் பதிலாக இரண்டு சிறிய பெட்டிகள். இரண்டு கையிலும் சமமாக எடை இருந்தால் படி ஏறுவது எளிது.

மரத்துக்கு மலைவேம்பு கிடைக்கிறதா என்று மரவாடியில் கேளுங்கள். பிளைவுட் ஆலைகளுக்காகவே தமிழ்நாட்டில் பரவலாக நடுகிறார்கள். எடை குறைவு, இழைக்க மென்மையானது. நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு வழி, கப்பலில் சரக்கோடு வரும் பைன் அடுக்குச்சட்டங்கள் (பேலட்). கோவையில் இயந்திர இறக்குமதி அதிகம், பழைய சட்டங்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் அதில் சுட்டுப் பதித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்டி என்றால் வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியது. எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைத் தொடவே வேண்டாம். ஆணி முழுவதையும் பிடுங்கிய பிறகே இழைப்புளியை வையுங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மொட்டைமாடி எழுதியது:

அக்கா, அலமாரிக்கு வீட்டு உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். மாடியில் துணி காயப்போடுவதற்கே நேரக்கட்டுப்பாடு. இரண்டு பெட்டி யோசனை நன்றாக இருக்கிறது; ஆனால் ரம்பத்துக்காக ஒன்று நீளமாகத்தான் இருந்தாக வேண்டும். கணக்குப் பார்த்தபின் 5 ஆம் எண் இழைப்புளியையும் எண்ணெய்க்கல்லையும் தனியே பையில் மறுகையில் எடுத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். பெட்டிக்குள் 7 கிலோ.

எச்டி முத்திரையுள்ள பைன் கிடைத்துவிட்டது. இழைத்த பிறகு 13 மி.மீ. நிற்கிறது. தலைப்பலகைக்கு மட்டும் 19 மி.மீ. தேக்குத் துண்டு இருக்கிறது. இப்போது புறாவால் பற்றிச் சொல்லுங்கள்.

பனிக்கட்டை (ஸ்கார்பரோ, கனடா) எழுதியது:

புறாவால் போட வேண்டும் என்றால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பக்கப்பலகையிலும் தலைப்பலகையிலும் நார் படுக்கைவாட்டில் ஓட வேண்டும். பலகையின் வெட்டுமுனையில்தான் (நாரைக் குறுக்கே அறுத்த முனை) வாலும் ஊசியும் வெட்ட முடியும். தலைப்பலகையில் நாரை நெட்டுக்குத்தாக வைத்தால் புறாவாலுக்கு இடமே இல்லை.

நான் படுக்கைவாட்டு நார்தான் சரி என்று சொல்கிற ஆள். மரம் நாரின் நீளத்தில் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்குகிறது. நான்கு பலகையிலும் நார் சுற்றி ஓடினால் நான்கும் ஒன்றாக உயரத்தில் சுருங்கும், ஒன்றாக விரியும். தலைப்பலகையில் மட்டும் நார் நெட்டாக நின்றால் அது உயரத்தில் அசையாது, பக்கப்பலகை அசையும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடு போடுவதால் காற்று எலும்பு வரை காய்ந்துவிடும். வீட்டு வாசல் விற்பனை ஒன்றில் பழைய கருவிப் பெட்டி வாங்கினேன். நெட்டு நார்த் தலைப்பலகை, பசையும் ஆணியும் சேர்த்து அடித்தது. இரண்டு பக்கப்பலகைகளும் ஆணிகளுக்கு நடுவே, நார் வழியே நேராகப் பிளந்திருந்தன. யாரும் போட்டு உடைத்ததில்லை, காலநிலைதான் பிளந்தது.

வாலின் வழக்கமான சரிவு தெரிந்திருக்கும்: மென்மரத்துக்கு 1:6, வன்மரத்துக்கு 1:8. நீங்கள் பைனையும் தேக்கையும் சேர்க்கிறீர்கள், 1:7 போதும். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் பசை பூசுவதற்கு முன் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். இழைத்த அன்றே ஒட்டுவது இன்னும் நல்லது.

நாஞ்சில் உளி எழுதியது:

ஸ்கார்பரோவில் பிளக்கலாம், கோவையில் அவ்வளவு அசைவு இல்லை. ஆனால் நான் சொல்ல வருவது அதுவல்ல.

பெட்டியின் தலைப்பலகை வெறும் மூலைப்பலகை இல்லை. அது மேலே குறுகி, கைப்பிடியைத் தாங்கும் கழுத்தாக நிற்கிறது. அந்தக் கழுத்தில் நார் படுக்கைவாட்டில் ஓடினால் என்ன ஆகும்? ஒரு சாண் உயரக் கழுத்து முழுக்கச் சின்னச் சின்ன நார்த்துண்டுகளின் அடுக்கு. ஒரு தட்டுத் தட்டினால் பிஸ்கட் மாதிரி முறியும். எங்கள் அப்பா காலத்திலிருந்து தலைப்பலகை நெட்டு நார்தான். பக்கப்பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, தலைப்பலகையை அதில் இறக்கி, வெளியிலிருந்து ஆணி.

இன்னொன்றும் இருக்கிறது. ஆணி எதில் ஏறுகிறது என்று பாருங்கள். நெட்டு நார்த் தலைப்பலகை என்றால் ஆணி நாருக்குக் குறுக்கே நுழைந்து கெட்டியாக நிற்கும். படுக்கைவாட்டு நார் என்றால் ஆணி வெட்டுமுனையில் நாரோடு சேர்ந்து போகும். நாலு மாதத்தில் கையால் பிடுங்கலாம்.

பனிக்கட்டை எழுதியது:

அண்ணாச்சி, புறாவாலில் ஆணியே இல்லையே.

நாஞ்சில் உளி எழுதியது:

மூலையில் இல்லை. கழுத்து முறிவதற்குப் புறாவால் என்ன செய்யும்?

அளவுகோல் எழுதியது:

இரண்டு பேரும் வேறு வேறு இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதனால் இருவர் சொல்வதும் சரியாக இருக்கிறது.

தூக்குவதால் கழுத்து முறியாது. 70 மி.மீ. அகலக் கழுத்தில் 28 மி.மீ. துளை போக மீதம் 42. கனம் 18. ஒரு முனைக்கு ஆறேழு கிலோ சுமை என்றால் அங்கே இழுவிசை 0.1 மெகாபாஸ்கல்கூட இல்லை. பைன் மரம் நாருக்குக் குறுக்கே கிழிய 2 முதல் 3 மெகாபாஸ்கல் வேண்டும். இருபது மடங்குப் பாதுகாப்பு. தூக்கும் சுமையை வைத்து அண்ணாச்சி பயந்தால் அந்தப் பயம் தேவையில்லை.

ஆனால் பெட்டியைத் தூக்குவது மட்டும்தானா நடக்கிறது? தரையில் இருக்கும் பெட்டியின் கைப்பிடியில் கை ஊன்றி எழுந்திருக்கிறோம். காலால் இடிக்கிறோம். கதவு வந்து மோதுகிறது. கைப்பிடியை நீளவாக்கில் 15 கிலோ விசையோடு தள்ளினால், அதை ஒரு தலைப்பலகை மட்டும் தாங்க நேர்ந்தால், பக்கப்பலகையின் மேல்விளிம்புக்கு நேரே கழுத்தின் அடியில் 3 மெகாபாஸ்கல் வருகிறது. படுக்கைவாட்டு நாரில் அது முறிவு எல்லை. நெட்டு நாரில் அது ஒன்றுமே இல்லை, நாரின் நீளவாக்கில் மரம் அதைப்போல இருபது மடங்கு தாங்கும். அண்ணாச்சி பார்த்த முறிவுகள் எல்லாம் இப்படி நடந்தவையாகத்தான் இருக்கும்.

அதேபோல அசைவு. 180 மி.மீ. உயரப் பலகையில் மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால் தேக்கு ஒன்றரை மி.மீ. அளவுக்கு, பைன் அதைவிடச் சற்றுக் கூடுதலாக நகரும். இது பசை போட்டு இறுக்கிய நெட்டு நார் மூட்டைப் பிளக்கப் போதும். பசை இல்லாமல் ஆணி மட்டும் இருந்தால் ஆணி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அண்ணாச்சியின் அப்பா காலத்துப் பெட்டிகள் பிளக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, பெட்டிக்குப் படுக்கைவாட்டு நார் நல்லது, கழுத்துக்கு நெட்டு நார் நல்லது. ஒரே பலகை இரண்டுமாக இருக்க முடியாது.

வலிகாமம் (யாழ்ப்பாணம்) எழுதியது:

ஒரே பலகையாக ஏன் இருக்க வேண்டும்?

இங்கே மேசன்மாரும் தச்சர்களும் வைத்திருக்கும் பெட்டிகளில் நான் கண்ட முறையைச் சொல்கிறேன். நான்கு பலகையும் ஒரே உயரம், சாதாரணப் பெட்டி. இரண்டு தலைப்பலகைகளின் உள்பக்கத்திலும் நடுவில் ஒவ்வொரு நிமிர்ந்த சட்டம், நார் நெட்டாக, அடிப்பலகை வரை இறங்கும். கைப்பிடி அந்தச் சட்டங்களில்தான் நிற்கிறது. சட்டத்தைத் தலைப்பலகையோடு இரண்டு திருகாணிகளால் மட்டும் பிடிக்க வேண்டும். கீழ்த் திருகாணி இறுக்கமாக, மேல்த் திருகாணிக்குத் தலைப்பலகையில் துளையைக் கொஞ்சம் நீளமாக. அப்போது தலைப்பலகை சுருங்கினாலும் சட்டம் அதைத் தடுக்காது. புறாவாலும் போடலாம், கழுத்தும் முறியாது.

கைப்பிடிக்கு உருட்டுக் கழி வேண்டாம் என்பது என் கருத்து. துளைக்குள் உருளும், பெட்டி கையில் ஆடும். 40 க்கு 24 மி.மீ. சட்டம் எடுத்து, இரண்டு முனையிலும் கழுந்து (துளைக்குள் நுழையும் ஒடுக்கிய முனை) வெட்டி, நிமிர்சட்டத்தின் துளை வழியே வெளியே கொண்டுவந்து ஆப்பு அடியுங்கள். கை படும் நடு ஒரு சாணை மட்டும் சீவுளியால் முட்டை வடிவுக்குச் சீவினால் போதும். ஆப்பு கழுந்தின் நாருக்குக் குறுக்காகப் பிளக்காதபடி, நிமிர்சட்டத்தின் நெட்டு நாரை நோக்கி விரியுமாறு வையுங்கள். மற்றப் பக்கமாக அடித்தால் நிமிர்சட்டமே பிளந்துவிடும்.

பனஞ்சலாகை மட்டும் வேண்டாம். உறுதிக்குக் குறைவில்லை, ஆனால் எவ்வளவு சீவினாலும் கறுத்த நார் சிலாம்பாகக் கையில் ஏறும்.

நாஞ்சில் உளி எழுதியது:

இது நல்ல முறை. உள்பக்கச் சட்டம் கொஞ்சம் இடத்தைச் சாப்பிடும். வெளிப்பக்கம் வைத்தால் உள்ளே இடம் மிஞ்சும், ஆனால் படியில் சுவரை உரசும். உள்பக்கமே இருக்கட்டும். ரம்பத்தின் பிடியைச் சட்டத்துக்கு ஒரு பக்கமாக ஒதுக்கினால் நீளம் குறையாது.

கைப்பிடிக்குக் கெட்டி மூங்கிலும் போடலாம். உருளாமல் இருக்க இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு மர ஆணி.

சுருள்மரம் எழுதியது:

கைப்பிடி எவ்வளவு உயரத்தில் என்பதையும் பேசிவிடுவோம். உயரமான கருவிக்கு மேலே, கைப்பிடியின் அடிவரை, குறைந்தது 80 மி.மீ. வெளி வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் விரல்முட்டி உளிப்பிடியில் இடிக்கும். அதற்காக மிகவும் உயர்த்தவும் கூடாது. கையைத் தொங்கவிட்டால் என் உள்ளங்கை தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கைப்பிடியிலிருந்து பெட்டியின் அடி 33 செ.மீ. என்றால் அடிக்கும் தரைக்கும் 37 செ.மீ. மிச்சம். படி ஏறும்போது பெட்டியின் முன்முனை உடலுக்கு முன்னால் 35 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், அந்தத் தூரத்தில் படிகள் 20 செ.மீ. உயர்ந்துவிடும். தப்பிக்கலாம். கைப்பிடியை 45 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுபோனால் முன்முனை ஒவ்வொரு படியிலும் தட்டும், அல்லது முழங்கையை மடக்கியே ஏற வேண்டும். உயரம் குறைந்தவர்கள் தங்கள் உள்ளங்கை உயரத்தை அளந்த பிறகே தலைப்பலகையை வெட்டுங்கள். தச்சுக் கருவி பற்றிப் பேசுகிற இடங்களில் எல்லாரும் ஆறடி என்று நினைத்துத்தான் அளவு கொடுக்கிறார்கள்.

மட்டுறுத்துநர்:

இடையில் வந்த, எந்த நிறுவனத்தின் இழைப்புளி உயர்ந்தது என்ற பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே பெட்டி மட்டும்.

மொட்டைமாடி எழுதியது:

வலிகாமம் ஐயா சொன்ன முறையில் போகிறேன். நான்கு மூலையிலும் புறாவால், உள்ளே தேக்கு நிமிர்சட்டம், ஆப்பு வைத்த கைப்பிடி. பக்கப்பலகைகளுக்குப் புறாவால் கோடு கீறிவிட்டேன். அடிப்பலகை பற்றியும் உள் அமைப்பு பற்றியும் யாரும் இன்னும் சொல்லவில்லை. அடியைக் கீழிருந்து ஆணி அடித்தால் போதுமா, காடி எடுக்க வேண்டுமா? உளிகளுக்கு என்ன ஏற்பாடு?

பனிக்கட்டை எழுதியது:

காடி. கீழிருந்து அடித்த ஆணியைச் சுமை முழுநேரமும் பிடுங்கிக்கொண்டே இருக்கும். 9 மி.மீ. பிளைவுட் என்றால் காடியின் ஆழம் 6, காடிக்குக் கீழே பலகையில் குறைந்தது 10 மி.மீ. மிச்சம் இருக்கட்டும். பக்கப்பலகையில் காடியை முனைவரை ஓட்டினால் மூலையில் வெளியே ஓட்டை தெரியும். அதனால் அங்கே காடியை முனைக்கு முன்பே நிறுத்துங்கள். காடி கீழ்வாலின் நடுவே போகும்படி புறாவாலைப் பிரித்தால் தலைப்பலகையின் காடி தானே மறைந்துவிடும், கோடு கீறும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளைவுட் சுருங்காது, ஆகவே காடியில் பசை போட்டால்கூடத் தப்பில்லை. திடப்பலகை அடி என்றால் மட்டும் பசை போடாதீர்கள்.

நாஞ்சில் உளி எழுதியது:

அடிக்குக் கீழே குறுக்கே இரண்டு ரீப்பர் துண்டு அடியுங்கள், அரை அங்குலக் கனம் போதும். மொட்டை மாடியில் எப்போதும் எங்காவது தண்ணீர் நிற்கும். பெட்டியின் வயிறு ஈரத்தில் உட்காரக் கூடாது.

உளிக்கு, ஒரு பக்கப்பலகையின் உள்ளே மேல்விளிம்பு ஓரமாக ஒரு பட்டைச் சட்டம். சட்டத்துக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே சின்னக் கட்டைகள் வைத்து இடைவெளி விடுங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் ஓர் உளி தலைகீழாக நிற்கும். உளியின் தோள் சட்டத்தில் உட்கார வேண்டும், முனை அடிப்பலகையைத் தொடக் கூடாது, ஒரு விரல் மேலே நிற்கட்டும். அகல உளி ஓரத்தில், ஒடுக்கமானது நடுவில். ஒரு உளியின் பிடிக்கும் அடுத்ததன் பிடிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற தூரம் விடாவிட்டால் ஒன்றை உருவும்போது பக்கத்து உளி கையைக் கீறும்.

ரம்பம் எதிர்ப்பக்கம். இரண்டு கட்டைத் துண்டுகளில் நீளவாக்கில் ரம்பத்தாலேயே பிளவு வெட்டி, அடியில் ஒட்டிவிடுங்கள். பல் கீழே பார்த்து அந்தப் பிளவில் நிற்கும். நடுவில் இழைப்புளியும் கொட்டாப்புளியும். இழைப்புளி நேராக அடிப்பலகையில் உட்கார்ந்தால் அலகின் முனை மரத்தைக் கடிக்கும். முன்பக்கத்தின் கீழே ஒரு மெல்லிய பட்டி ஒட்டினால் அலகு தூக்கி நிற்கும். சுத்தியலை இழைப்புளியோடு சேர்த்து வைக்கவே கூடாது. அதற்கு ஒரு தடுப்பு.

தடுப்பு எதையும் பசை போட்டு ஒட்டாதீர்கள், திருகாணியில் நிறுத்துங்கள். ஆறு மாதத்தில் நீங்கள் ஒரு புதுக்கருவி வாங்குவீர்கள். எல்லாரும் வாங்குகிறோம்.

சுருள்மரம் எழுதியது:

உள்ளே வெல்வெட்டோ கம்பளித் துணியோ ஒட்டும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஈரத்தைப் பிடித்துவைக்கும், கருவி துருப்பிடிக்கும். புதுச்சேரிக் கடற்காற்றில் ஒரு மழைக்காலம் போதும். எனக்குத் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணித்துண்டு ஒன்று பெட்டியிலேயே கிடக்கிறது, திரும்ப வைக்கும்போது ஒரு துடைப்பு. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பவர்கள் மறுநாள் காலையிலேயே துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள், அலகில் வைத்த பொட்டு அப்படியே துருப்பொட்டாகிவிடும்.

வெளிப்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் போடுவதாக இருந்தால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

பெட்டி முடிந்தது. படங்கள் கீழே இணைப்பில். வெளி அளவு 726 க்கு 230, பக்கம் 180, கைப்பிடியின் மேல்விளிம்பு தரையிலிருந்து 330. பக்கங்களும் தலைகளும் 13 மி.மீ. பைன், நிமிர்சட்டமும் கைப்பிடியும் தேக்கு. காலிப்பெட்டி 3.4 கிலோ, கருவிகளோடு 10.6. மறுகையில் இழைப்புளிப் பை.

புறாவாலில் இரண்டு இடத்தில் மெல்லிய ஆப்புச் சீவல் வைத்து அடைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். கைப்பிடியை நீளவாக்கில் தள்ளிப் பார்த்தேன், சட்டம் அசையவில்லை. மேல்த் திருகாணியின் துளையை ஐயா சொன்னதுபோல உயரவாக்கில் நீளமாக்கிவிட்டேன்.

அளவுகோல் எழுதியது:

ரம்பத்தை உளிப்பக்கத்துக்கு எதிரே வைத்ததால் எடைமையம் நடுவில் விழுகிறதா? தூக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் 4 ஆம் எண் இழைப்புளியைப் பளு குறைந்த பக்கமாக ஒரு விரல் நகர்த்துங்கள். நீளவாக்கிலும் அதேதான்: இழைப்புளியின் இடத்தைக் கடைசியில் முடிவு செய்வது நல்லது. கைப்பிடியில் கை வைக்கும் இடத்தை நகர்த்திச் சமாளிப்பவர்களுக்குப் பெட்டி படியில் எப்போதும் முன்னால் குனியும்.

மொட்டைமாடி எழுதியது:

உளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. கொட்டாப்புளியை ரம்பப் பக்கம் மாற்றியதும் நேராகிவிட்டது.

புதுவரவு (ஈரோடு) எழுதியது:

இழையை முழுதும் படித்தேன். எனக்குப் படி ஏறும் வேலை இல்லை, ஸ்கூட்டரில் நண்பரின் பட்டறைக்குப் போய் வர வேண்டும். இதே பெட்டிக்கு ஒரு மூடி போட்டால் போதுமா?

பனிக்கட்டை எழுதியது:

போதாது. கழுத்தும் கைப்பிடியும் இருக்கும் பெட்டிக்கு மூடி பொருந்தாது, 700 மி.மீ. நீளம் ஸ்கூட்டரின் கால்தட்டில் குறுக்கே வெளியே நீட்டும். நீங்கள் ஜப்பானியத் தச்சர்களின் பெட்டியைப் பாருங்கள். வெறும் பலகையும் ஆணியும்தான், கீலோ பூட்டோ கிடையாது. பெட்டியின் மேலே இரண்டு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு பலகை நிலையாக இருக்கும். மூடி அவற்றின் கீழே நுழையும்: முதலில் ஒரு முனைக்குள் ஆழமாகத் தள்ளி, மறுமுனையைக் கீழே இறக்கி, திரும்ப இந்தப் பக்கம் இழுத்தால் இரண்டு முனையும் பலகைகளுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். மிஞ்சும் இடைவெளியில் ஓர் ஆப்பு. கவிழ்ந்தாலும் திறக்காது. நீளத்தைக் குறைக்க, கைரம்பத்துக்குப் பதில் பிடியைக் கழற்றக்கூடிய இழுவை ரம்பம் வைத்துக்கொள்ளலாம்.

நாஞ்சில் உளி எழுதியது:

அல்லது சாக்குப்பை. ஸ்கூட்டருக்கு நான் முதலில் சொன்னதுதான். பெட்டியே வேண்டும் என்றால் கால்தட்டின் அகலத்தையும், ஹேண்டிலைத் திருப்பும்போது முழங்கால் எங்கே வருகிறது என்பதையும் அளந்து இங்கே போடுங்கள் தம்பி. அதற்குப் பிறகு பலகையைப் பற்றிப் பேசுவோம்.